மூன்றாவது வாரத்தில் ஏன் நின்றுபோகிறது?

கேள்வி: அக்கா, எனக்கு 29 வயது. ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை, நான்கு வயதில் ஒரு மகன். குரூப் 4 தேர்வை இரண்டு முறை எழுதிவிட்டேன், இரண்டு முறையும் பாதிப் பாடம்கூட முடிக்காமல்தான் போய் உட்கார்ந்தேன். டைம்டேபிள் போடுவேன், மூன்றாவது வாரத்தில் நின்றுபோகும். எனக்கு மன உறுதி இல்லையா?
- கடலூர் வாசகி

பதில்: கடிதத்தோடு நீங்கள் வைத்திருந்த டைம்டேபிளை இரண்டு முறை பார்த்தேன் தங்கச்சி. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, பாடத்துக்கு ஒரு நிறம் என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதி, காலை 4 முதல் 6.30 வரை, இரவு 9 முதல் 11.30 வரை, ஆக ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம். இதில் பையனுக்குக் காய்ச்சல் வருகிற நாள் எங்கே? தீபாவளிக்கு முன்னால் கடையில் பத்தரை மணி வரை நிற்கிற நாள் எங்கே? ஒரு நாள் விட்டால் மறுநாள் பத்து மணி நேரம் பாக்கி, இரண்டு நாள் விட்டால் நோட்டைத் திறக்கவே பயமாகிவிடும். இந்த டைம்டேபிளை என்னாலும் மூன்று வாரத்துக்கு மேல் இழுக்க முடியாது, அதனால் மன உறுதியைக் குறை சொல்லாதீர்கள்.

தாளின் மேலே பெரிதாக 'வேலை வாங்கியே தீருவேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். ஆசை நல்லதுதான். ஆனால் 2025 ஏப்ரலில் அறிவிப்பு வந்தபோது 3,935 இடம் என்றார்கள், அப்புறம் கூட்டினார்கள்; எத்தனை பேர் எழுதுவார்கள், கட்-ஆஃப் எங்கே நிற்கும் என்பதெல்லாம் உங்கள் கையிலா இருக்கிறது? இன்று ஒரு பாடம் படித்தேனா என்பது மட்டும்தான் உங்கள் கையில். அதைத்தான் மேலே எழுத வேண்டும்.

சரி, எதிலிருந்து ஆரம்பிப்பது? மொத்தம் 200 கேள்வி, 300 மதிப்பெண். அதில் 100 கேள்வி தமிழ், 75 பொது அறிவு, 25 திறனறிவு. தமிழுக்கான 150 மதிப்பெண்ணில் 60 எடுக்காவிட்டால் அடுத்த பகுதியைத் திருத்தவே மாட்டார்கள், எடுத்தால் அந்த மதிப்பெண்ணும் தரவரிசையில் சேரும். அதனால் முதல் இரண்டு மாதம் தமிழ் மட்டும் போதும், ஆறாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து வரிசையாக. பையன் எழுவதற்கு முன்னால் 40 நிமிடம், அவ்வளவுதான். முதல் 30 நிமிடம் பாடம், கடைசி 10 நிமிடம் நேற்றுப் படித்ததைப் புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பார்ப்பது. இந்தப் பத்து நிமிடத்தைத்தான் எல்லோரும் விடுகிறார்கள், படித்தது நினைவில் நிற்காமல் போவதும் அதனால்தான். மூன்றாவது மாதத்திலிருந்து வாரத்தில் இரண்டு நாள் கணக்கு: விழுக்காடு, தனிவட்டி, கூட்டுவட்டி, விகிதம், காலமும் வேலையும் என்று ஒவ்வொன்றாக. பில் போடுகிறவருக்கு விழுக்காடு புதிதில்லை, அங்கிருந்தே தொடங்குங்கள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு எதையும் வைக்காதீர்கள், வாரத்தில் விட்டுப்போனதற்கு அந்த நாள். ஒரு நாள் தவறினால் மறுநாள் இரட்டிப்பாகப் படிக்க வேண்டாம், வழக்கமான 40 நிமிடம்தான். ரொம்ப முடியாத நாளில் ஒரே ஒரு பக்கம் படித்துவிட்டுக் காலண்டரில் டிக் அடியுங்கள். இதைச் சின்ன விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். நான் டைப்ரைட்டிங் கற்கப் போனபோது முதல் வாரம் முழுக்க 'ஏஎஸ்டிஎஃப்ஜிஎஃப்' என்ற ஒரே வரியைத்தான் அடிக்க விட்டார்கள், சுண்டுவிரல் வலிக்கும், அழுகை வரும். தினம் ஒரு மணி நேரம், அதற்கு மேல் மிஷினும் கிடைக்காது, அடுத்த பேட்ச் வாசலில் நிற்கும். நிமிடத்துக்கு 30 சொல் லோயர், 45 சொல் ஹையர் இரண்டையும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் முடித்தேன்.

தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது பழைய வினாத்தாள்களை எடுங்கள், தேர்வாணையத்தின் இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. மூன்று மணி நேரத்தில் 200 கேள்வி என்றால் ஒன்றுக்கு 54 விநாடி, வட்டத்தைக் கறுப்பாக்கும் நேரமும் அதில்தான் அடக்கம். எனவே கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு, வட்டம் போட்ட தாளில் நிரப்பியே பழகுங்கள். முதல் மாதம் முடிந்ததும் எத்தனை டிக் விழுந்தது என்று எனக்கு ஒரு கார்டு போடுங்கள். இருபது விழுந்திருந்தால் எனக்கு ரொம்ப சந்தோஷம்.

கேள்வி: வயது 63, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். திருக்குறள் முழுவதையும் மனப்பாடம் செய்ய ஆசை. இந்த வயதில் முடியுமா அம்மா?
- விருதுநகர் வாசகர்

பதில்: தாராளமாக முடியும் ஐயா. 1,330 என்று பார்த்தால் மலைப்பாக இருக்கும், வாரம் ஓர் அதிகாரம் என்று வையுங்கள். தினம் இரண்டு குறள், ஐந்து நாளில் பத்து முடிந்துவிடும், மிச்சம் இரண்டு நாள் பழைய அதிகாரங்களைத் திரும்பச் சொல்ல. 133 வாரம், அதாவது இரண்டரை வருடத்துக்குக் கொஞ்சம் மேல். வரிசையாகத்தான் போக வேண்டும் என்றில்லை, பள்ளிக்கூடத்தில் படித்த அதிகாரங்களில் தொடங்குங்கள், பாதி ஏற்கெனவே உள்ளே இருக்கும். நடைப்பயிற்சியின்போது வாய்விட்டுச் சொல்லுங்கள், மனதுக்குள் சொன்னால் தப்பு தெரியாது. ஞாயிறு மாலை பேரனோ பேத்தியோ இருந்தால் புத்தகத்தை அவர்கள் கையில் கொடுத்து ஒப்பியுங்கள், ஒரு சொல் மாறினாலும் விட மாட்டார்கள்.