கப்பல் வேலைக்கு நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: ஐயா, எங்களுக்குக் காசிமேடு. வீட்டுக்காரர் மீன்பாடி வண்டி ஓட்டுகிறார். நான் காலையில் இறால் உரிக்கப் போகிறேன். மூத்த பையன் மாநகராட்சிப் பள்ளியில் பிளஸ் டூ முடித்துவிட்டான். பாஸ்தான், மார்க் அதிகமில்லை. "காலேஜ் வேணாம்மா, மூணு வருஷம் சும்மா போவும்" என்கிறான். லீவு நாளெல்லாம் விசைப்படகு இன்ஜின் ரிப்பேர் செய்கிறவர் கூடவே நிற்கிறான், வீட்டுக்கு வந்தால் கை முழுக்க கிரீஸ். டிகிரி இல்லாதவனுக்கு நாளைக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று மாமியார் கேட்கிறார். என் தம்பி ஓர் ஏஜெண்டைக் கூட்டிவந்தான். இரண்டரை லட்சம் கட்டினால் ஆறே மாதத்தில் கப்பல் வேலை, கை நிறையச் சம்பளம் என்கிறார். என்னிடம் இருப்பது ஏழு சவரன். அதை அடகு வைக்கலாமா? டிகிரி இல்லாமல் நல்ல சம்பளம் வருகிற வேலை நிஜமாகவே இருக்கிறதா?
- ஒரு தாய், காசிமேடு

பதில்: தங்கச்சி, நகை பீரோவிலேயே இருக்கட்டும். தம்பியிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

எங்கள் வீட்டுக்கும் ஓர் ஏஜெண்ட் வந்தார். தண்டையார்பேட்டையில் நாங்கள் குடியிருந்த காலம், நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். அண்ணனுக்குத் துபாயில் வேலை என்றார். அம்மா கம்மலைக் கழற்றிக் கொடுத்தார். அண்ணன் பம்பாயில் ஒரு லாட்ஜில் நாற்பது நாள் காத்திருந்துவிட்டுத் திரும்பி வந்தான். பணம் வரவில்லை, கம்மலும் வரவில்லை. அம்மா கடைசி வரை காதில் துடைப்பக்குச்சிதான் போட்டிருந்தார். அதனால் உங்கள் ஏழு சவரனைப் பற்றிப் படித்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை.

கப்பல் வேலை பொய்யில்லை. பத்தாவது பாஸ் செய்த பையன்களுக்கு 'ஜி.பி. ரேட்டிங்' என்று மாலுமி வேலைக்கான ஆறு மாதப் பயிற்சி இருக்கிறது. பதினேழரை வயதிலிருந்து இருபத்தைந்துக்குள் சேரலாம், ஆங்கிலத்தில் நாற்பது சதவீதமாவது வேண்டும். ஆனால் பயிற்சி தரும் நிறுவனம் மத்திய அரசின் கப்பல் துறை இயக்குநரகத்தில், அதாவது டி.ஜி. ஷிப்பிங்கில், அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும். கப்பலுக்கு ஆள் அனுப்பும் கம்பெனிக்கு 'ஆர்.பி.எஸ்.எல்.' என்ற உரிமம் வேண்டும். உரிமம் வைத்திருக்கிற கம்பெனி, வேலை வாங்கிக் கொடுப்பதற்காக மாலுமியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது சட்டம். பயிற்சிக் கட்டணம் வேறு, அதற்கு ரசீது உண்டு. வேலைக்கென்று தனியாகப் பணம் கேட்டாலே ஆள் சரியில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் ராஜாஜி சாலை. அங்கே டி.ஜி. ஷிப்பிங்கின் கீழ் வரும் மெர்கன்டைல் மரைன் டிபார்ட்மென்ட் அலுவலகம் இருக்கிறது. ஏஜெண்ட் சொன்ன பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு பையனையே நேரில் போய் விசாரிக்கச் சொல்லுங்கள். உண்மையான ஏஜெண்டாக இருந்தால் அவருக்கு அதில் வருத்தம் இருக்காது. வளைகுடா நாட்டு வேலை என்று வேறு யாராவது வந்தாலும் இதே கதைதான். அதற்குத் தமிழ்நாடு அரசே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்றை நடத்துகிறது, அலுவலகம் கிண்டியில்.

இப்போது உங்கள் பெரிய கேள்விக்கு வருகிறேன். டிகிரி இல்லாமல் நல்ல சம்பளம் உண்டு. இருபத்தாறு வருடம் ஐ.டி.ஐ.யில், அதாவது தொழிற்பயிற்சி நிலையத்தில், ஃபிட்டர் பயிற்றுநராக இருந்தவன் சொல்கிறேன், நம்புங்கள். ஆனால் பரீட்சையே இல்லாமல் நல்ல சம்பளம் தருகிற வேலையை நான் பார்த்ததில்லை. அந்தப் பரீட்சை சில சமயம் பேப்பரில் இருக்கும், சில சமயம் இரும்புக் குழாயில் இருக்கும், சில சமயம் கண்ணில் இருக்கும். அதில் தேறி, கையில் ஒரு சான்றிதழோ லைசென்ஸோ வைத்திருப்பவனுக்குத்தான் காசு.

மணலி பக்கம் சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை. அத்திப்பட்டில் அனல் மின் நிலையம். எண்ணூரில் எரிவாயு முனையம், துறைமுகம். நம் ஊர்ப் பிள்ளைகள் நிறையப் பேர் அங்கே ஹெல்ப்பராகப் போகிறார்கள். காலையில் கேட் பாஸ், சாயங்காலம் கூலி. பத்து வருடம் கழித்தும் ஹெல்ப்பர்தான். அதே வெயிலில், அதே சைட்டில், பக்கத்திலேயே ஒருவர் குழாய் ஒட்டிக்கொண்டிருப்பார். அவர் 6ஜி வெல்டர். அவருடைய நாள் சம்பளம் ஹெல்ப்பருடையதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல், ஆலையை நிறுத்திப் பழுது பார்க்கிற ஷட்டவுன் நேரத்தில் இன்னும் ஏறும். அவரிடமும் டிகிரி கிடையாது. 6ஜி என்பது அவர் தேறிய சோதனையின் பெயர். ஒரு குழாயை 45 டிகிரி சாய்வில் அசையாமல் பொருத்திவிடுவார்கள். குழாயைத் திருப்பக் கூடாது, வெல்டர்தான் அதைச் சுற்றிச் சுற்றி வர வேண்டும். கீழே படுத்து, பக்கவாட்டில் சாய்ந்து, தலைக்கு மேல் கையைத் தூக்கி முழு வட்டத்தையும் ஒரே சீராக ஒட்ட வேண்டும். அடி வரிசையை ஆர்கான் வாயு வெல்டிங்கில் போட்டு, மேலே வெல்டிங் ராடில் நிரப்புவார்கள். பிறகு எக்ஸ்ரே எடுப்பார்கள். உள்ளே ஒரு காற்றுக் குமிழோ கசடோ அளவுக்கு மீறி இருந்தால் ஃபெயில். பாய்லர் வேலை என்றால் ஐ.பி.ஆர்., அதாவது இந்திய பாய்லர் விதிகளின்படியான சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பம்பாயிலிருந்து திரும்பிய என் அண்ணன் அதன் பிறகு ஒரு பட்டறையில் சேர்ந்து, பல வருடம் கழித்து இந்தச் சோதனையில் தேறினான். அவன் கட்டிய வீட்டில்தான் அம்மா கண்ணை மூடினார்.

வெல்டிங்கில் கஷ்டமும் இருக்கிறது, மறைக்க மாட்டேன். கண்ணாடி போடாமல் ஒரு நிமிஷம் பார்த்தாலும் அன்றிரவு கண்ணில் மணல் கொட்டியதுபோல் எரியும். தொட்டிக்குள் இறங்கி வேலை செய்யும்போது காற்றுக்கும் காவலுக்கும் ஆள் இல்லையென்றால் இறங்கவே கூடாது. பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிக்காத காண்ட்ராக்டரிடம் எவ்வளவு சம்பளம் என்றாலும் போகக் கூடாது. இதை உங்கள் பையனுக்கு மட்டும் சொல்லவில்லை, இதைப் படிக்கிற எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

உங்கள் பையன் விஷயத்துக்கு வருவோம். லீவு நாளெல்லாம் படகு இன்ஜின் பக்கத்தில் நிற்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்குச் சந்தோஷம் தந்த வரி அதுதான். ஐ.டி.ஐ.யில் அவனுக்கு ஃபிட்டர் டிரேடு, அதாவது இயந்திரப் பாகங்களைச் செய்து பொருத்துகிற தொழில், பொருந்தும் என்று நினைக்கிறேன். இரண்டு வருடப் படிப்பு. டீசல் மெக்கானிக் ஒரே வருடம்தான், இன்ஜின் பைத்தியம் உள்ள பையன் அதைத்தான் கேட்பான். ஆனாலும் ஃபிட்டருக்கு ஆலை, ரயில்வே, துறைமுகம் என்று திறக்கும் கதவுகள் அதிகம். வட சென்னை அரசு ஐ.டி.ஐ., அம்பத்தூர் அரசு ஐ.டி.ஐ. இரண்டுக்கும் விண்ணப்பிக்கலாம். அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு, பஸ் பாஸ் உண்டு. மாநகராட்சிப் பள்ளியில் ஆறாவதிலிருந்தே படித்தவன் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும், அது ஐ.டி.ஐ. படிப்புக்கும் பொருந்தும். ஆக, இரண்டரை லட்சம் கொடுக்க நினைத்த இடத்தில் மாதம் 1,750 ரூபாய் அவன் வாங்கிக்கொண்டு படிப்பான்.

ஒன்று மட்டும் அவனிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். முதல் சில மாதம் இன்ஜினைக் கண்ணாலும் காட்ட மாட்டார்கள். ஓர் இரும்புத் துண்டைக் கையில் கொடுத்து அரத்தால் தேய்க்கச் சொல்வார்கள். தேய்த்து, மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். இடுக்கில் கீற்று வெளிச்சம் தெரிந்தாலும் மறுபடி தேய்க்க வேண்டும். உள்ளங்கை கொப்பளிக்கும். "இதுக்கா வந்தேன்" என்று பாதியில் நின்ற பையன்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், நல்ல கைகாரப் பிள்ளைகள், இப்போதும் அவர்களை நினைத்தால் எனக்கு ஆறவில்லை. அந்தத் தேய்ப்பில்தான் கைக்கு அளவு வருகிறது. அதைத் தாண்டிவிட்டான் என்றால் பிறகு அவனை யாரும் நிறுத்த முடியாது.

ஐ.டி.ஐ. முடித்ததும் அப்ரண்டிஸ். இது வேலையில்லை, 1961-ம் வருடச் சட்டப்படி உதவித்தொகையோடு தரும் பயிற்சி. பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்.பில் இதற்கு அறிவிப்பு போடுவார்கள். 1955-ல் தொடங்கிய தொழிற்சாலை, முதல் வந்தே பாரத் ரயில் 2018-ல் அங்கிருந்துதான் வெளியே வந்தது. பத்தாவது மார்க்கை வைத்து எடுப்பார்கள், குறைந்தது ஐம்பது சதவீதம் வேண்டும், எழுத்துத் தேர்வு இல்லை. அப்ரண்டிஸ் முடித்தால் ரயில்வேயில் தானாக வேலை வந்துவிடும் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. அது தவறு. ஆனால் ரயில்வேயில் லெவல் 1 என்கிற ஆரம்பநிலைப் பணிகளில் 20 சதவீதம், ரயில்வேயில் அப்ரண்டிஸ் முடித்தவர்களுக்கென்று ஒதுக்கியிருக்கிறார்கள். போட்டி பல மடங்கு குறைகிறது. ஏழாவது ஊதியக் குழுப்படி அந்தப் பணிக்கு அடிப்படைச் சம்பளம் 18,000, அதன்மேல் பஞ்சப்படியும் வீட்டு வாடகைப்படியும்.

இன்னொரு வழி ரயில் ஓட்டுவது. உதவி லோகோ பைலட் பணிக்கு டிகிரி கேட்கவில்லை, ஐ.டி.ஐ. போதும். ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், டீசல் மெக்கானிக் எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. வெல்டர் இல்லை. நான் ஃபிட்டரைச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். தொடக்கத்தில் அடிப்படை 19,900. லோகோ பைலட்டாகப் பதவி உயர்ந்தால் அடிப்படை 35,400-லிருந்து தொடங்கும், அதோடு ஓடிய தூரத்துக்குக் கிலோமீட்டர் அலவன்ஸும் சேரும். இராத்தூக்கம் கெடும், பொங்கலும் தீபாவளியும் வண்டியிலேயே போகும், அதையும் அவன் தெரிந்துகொள்ளட்டும். இரண்டு கட்டத் தேர்வு, பிறகு மனத்திறன் சோதனை. கணக்கில் கொஞ்சம் உட்கார வேண்டியிருக்கும். ராயபுரத்தில் மின்சார இன்ஜின் ஷெட் இருக்கிறது, தண்டையார்பேட்டையில் டீசல் ஷெட் இருக்கிறது. அங்கே வேலை பார்க்கிறவர் உங்கள் தெருவிலேயே யாராவது இருப்பார், பையனை அவரோடு ஒரு மணி நேரம் பேச வையுங்கள்.

வேறு வழிகளும் உண்டு. எலக்ட்ரீஷியன் படித்தால் மின் உரிமம் வழங்கும் வாரியத்தில் தகுதிச் சான்றிதழ் வாங்க வேண்டும், அது இல்லாமல் வயர் இழுக்கிறவன் கடைசி வரை ஹெல்ப்பர்தான். ஏ.சி. மெக்கானிக், லிஃப்ட் மெக்கானிக் இரண்டுக்கும் இந்த ஊரில் வேலைக்குக் குறைவில்லை. துறைமுகத்துக்கு வரும் கண்டெய்னர் டிரெய்லர் ஓட்ட ஆசை என்றால் இருபது வயதாக வேண்டும், அதற்கு முன் கார் லைசென்ஸ் எடுத்து ஒரு வருடம் ஆகியிருக்க வேண்டும். பிளஸ் டூவில் அதற்கேற்ற பாடப்பிரிவு படித்தவன் என்றால் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருடத்திலேயே சேரலாம், இரண்டே வருடத்தில் டிப்ளமோ. அவன் உட்கார்ந்து படிக்கிற பையன் என்றால் நான் அதைத்தான் முதலில் சொல்லியிருப்பேன். மூன்று மாதத்தில் நூறு சதவீத வேலை உத்தரவாதம் என்று சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீஸ்களுக்கு மட்டும் பணம் கட்டாதீர்கள்.

மாமியாரின் கவலையையும் நான் தள்ளிவிட மாட்டேன். பெண் வீட்டார் "பையன் என்ன படிச்சிருக்கான்" என்று கேட்கத்தான் செய்வார்கள். அவன் பிளஸ் டூ பாஸ். வேலையில் சேர்ந்த பிறகு தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ இக்னோவிலோ தபால் வழியில் டிகிரி எழுதலாம், அதற்கு வயது தடையில்லை. என் மாணவர்கள் பலர் சம்பளம் வாங்கிக்கொண்டே பி.ஏ. முடித்தார்கள், கல்யாணப் பத்திரிகையில் அந்த இரண்டு எழுத்தையும் பெருமையாகப் போட்டுக்கொண்டார்கள். பாட்டியிடம் இதைச் சொல்லுங்கள், அவர் ஒத்துக்கொள்வார்.

விண்ணப்பம் எழுதுவதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கி. ரயில் ஓட்டவும் சரி, கப்பலில் ஏறவும் சரி, நிறக்குருடு இருக்கக் கூடாது. லோகோ பைலட்டுக்குக் கண்ணாடி இல்லாமலேயே இரண்டு கண்ணும் 6/6 தெரிய வேண்டும், லேசர் சிகிச்சை செய்துகொண்ட கண்ணையும் ஏற்க மாட்டார்கள். வருடக்கணக்கில் படித்துத் தேர்விலும் தேறி, மருத்துவப் பரிசோதனையில் பச்சையும் சிவப்பும் பிரித்துச் சொல்ல முடியாமல் திரும்பிய பையன் ஒருவன் என் வகுப்பிலேயே இருந்தான். பதினெட்டு வயது வரை அவனுக்கே அது தெரியாது. உங்களுக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கம்தான். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கே போய் கண் பிரிவில் ஓ.பி. சீட்டு வாங்கிவிடுங்கள். புள்ளிப் புள்ளியாக வண்ணம் போட்ட அட்டையைக் காட்டி உள்ளே என்ன எண் தெரிகிறது என்று கேட்பார்கள். பையன் என்ன சொன்னான் என்பதை எனக்கு எழுதுங்கள், எந்த டிரேடுக்கு முதலில் விண்ணப்பிக்கலாம் என்று அடுத்த இதழில் சொல்கிறேன்.