ஐந்து இலட்சம் மணி நேரமும் திரும்பி வந்த பதினான்கு பெட்டிகளும்

கேள்வி: கொக்குவிலில் சிறிய பட்டறை வைத்திருக்கிறேன். கிணற்றில் நீர் வற்றினால் பம்பியைத் தானாக நிறுத்தி, 15 நிமிடம் ஓய்வு கொடுத்து, பிறகே மீண்டும் இயக்க விடும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளைச் செய்து விற்கிறேன். 18 மாதங்களுக்கு முன் 40, 12 மாதங்களுக்கு முன் 40, 6 மாதங்களுக்கு முன் 40 என மொத்தம் 120 பெட்டிகள் உரும்பிராய், கோப்பாய், புன்னாலைக்கட்டுவன் தோட்டங்களுக்குப் போயின. அவற்றில் 14 திரும்பி வந்தன. ஐந்து முதல் மாதத்திலேயே வந்தன. ஆறு பெட்டிகள் ஏழு வாரம் கழித்து இயங்க மறுத்தன. மின்சாரத்தை நிறுத்திப் போட்டால் சரியாகிவிடுகின்றன. முதல் தொகுதியைச் சேர்ந்த மூன்று, 15, 16 மாதங்களில் முற்றாக நின்றன. திருத்திக் கொடுத்துவிட்டேன். இப்போது வேலணையிலுள்ள விவசாயிகள் சங்கம் ஒன்று 200 பெட்டிகளை இரண்டு ஆண்டு உத்தரவாதத்துடன் கேட்கிறது. நான் வாங்கிப் பொருத்தும் மின்வழங்கியின் தரவுத்தாளில் எம்.ரி.பி.எவ். (பழுதுகளுக்கு இடைப்பட்ட சராசரி நேரம்) 500,000 மணி நேரம் என்று இருக்கிறது. அதை நம்பிக் கையெழுத்திடலாமா?

பதில்: இன்றைய நிலையில் உள்ள பெட்டிக்குக் கையெழுத்திட வேண்டாம், தம்பி. சங்கத்திடம் தைப்பொங்கல் வரை அவகாசம் கேளுங்கள். அதற்குள் செய்ய வேண்டிய வேலை தெளிவாகவே இருக்கிறது. அதைச் செய்தபின் துணிந்து இடலாம்.

உங்கள் கடிதத்தில் என்னை மகிழ வைத்தது ஒன்று உண்டு. திரும்பி வந்த 14 பெட்டிகளும் எந்த வயதில் வந்தன என்று பிரித்து எழுதியிருக்கிறீர்கள். முழுநேரப் பொறியியலாளர்கள் உள்ள இடங்களிலும் இதைக் குறித்து வைக்காதவர்களைக் கண்டிருக்கிறேன். நீங்கள் கேட்ட கேள்விக்கான விடையில் பாதி அந்தப் பிரிப்பிலேயே கிடக்கிறது.

முதலில் அந்த ஐந்து இலட்சம். 500,000 மணி நேரம் என்றால் 57 ஆண்டு. மின்வழங்கி 57 ஆண்டு உழைக்கும் என்று தரவுத்தாள் சொல்லவில்லை. தொடக்கப் பழுதுகள் ஓய்ந்து, தேய்மானம் தொடங்காத இடைக்காலத்தில், 500 மின்வழங்கிகளை 1,000 மணி நேரம் ஓடவிட்டால் ஒன்று பழுதாகலாம் என்பதே அதன் பொருள். அந்தக் கணக்கை அப்படியே ஏற்றுக்கொண்டாலும், இரண்டு ஆண்டுக்குரிய 17,520 மணி நேரத்தில் 200 மின்வழங்கிகளில் ஏறத்தாழ 7 பழுதாகும். இத்தகைய எண்கள் பெரும்பாலும் ஓடவிட்டுப் பார்த்துப் பெறப்பட்டவையும் அல்ல. பாகங்களை எண்ணி, அட்டவணையிலுள்ள பழுது வீதங்களைக் கூட்டிப் பெறுகிறார்கள். பலரும் இன்றும் எடுத்தாளும் அமெரிக்க இராணுவக் கைநூல் 217, கடைசியாகத் திருத்தப்பட்டது 1995இல். கணக்கிட்ட வெப்பநிலை பெரும்பாலும் 25 பாகை. நண்பகல் வெயிலில் தோட்டத்துத் தகரப் பெட்டிக்குள் 25 பாகை எங்கே வரும்? அந்த எண்ணில் உங்கள் பற்றாசு இல்லை, உங்கள் நிரல் இல்லை, ரிலே என்ற மின் ஆளிக்குள் கூடு கட்டும் எறும்பும் இல்லை. ஒரே முறையில் கணக்கிடப்பட்ட இரண்டு மின்வழங்கிகளில் எதை வாங்குவது என்று ஒப்பிட மட்டுமே நான் அதைப் பயன்படுத்துவேன்.

உங்கள் சொந்தக் கணக்கைப் பார்ப்போம். 40 பெட்டிகள் 18 மாதம், 40 பெட்டிகள் 12 மாதம், 40 பெட்டிகள் 6 மாதம். எல்லாவற்றையும் கூட்டினால் 1,440 பெட்டி மாதம், அதாவது 120 பெட்டி ஆண்டு. அதற்குள் 14 பழுது. வேலணைக்குப் போகும் 200 பெட்டிகள் இரண்டு ஆண்டில் 400 பெட்டி ஆண்டு உழைக்க வேண்டும். இதே வீதத்தில் போனால் ஏறத்தாழ 47 பழுது வரும். தரவுத்தாள் 7 என்கிறது, உங்கள் கொப்பி 47 என்கிறது. நான் கொப்பியின் பக்கம் நிற்பேன்.

ஆனால் 47ஐயும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. காரணம் வெவ்வேறான மூன்று நோய்களை ஒரே சராசரிக்குள் அடைத்திருக்கிறோம். ஒன்று பிறப்பிலேயே வந்தது, ஒன்று பெட்டியின் அறிவில், அதாவது நிரலில், உள்ள பிழை, ஒன்று மூப்பு. ஒவ்வொன்றும் எதிர்காலத்தில் நடந்துகொள்ளும் விதம் வேறு, மருந்தும் வேறு.

இயங்க மறுத்த ஆறு பெட்டிகளிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் நிரலை நான் பார்க்கவில்லை. ஆனாலும் 'ஏழு வாரம்' என்ற சொல்லைப் படித்தவுடன் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இத்தகைய பெட்டிகளுக்கு மூளையாக வைக்கும் சிறிய நுண்கட்டுப்படுத்திகள் பல, மின்சாரம் கிடைத்த நொடியிலிருந்து மில்லி விநாடிகளை 32 பிட் எண்ணாக எண்ணிக்கொண்டே போகும். அந்த எண்ணில் அடங்கும் உச்சம் 4,294,967,295. அதை எட்ட 49 நாள் 17 மணி நேரம் எடுக்கும். பிறகு எண்ணி மீண்டும் பூச்சியத்திலிருந்து தொடங்கும். ஏழு வாரம் என்பது 49 நாள்.

பெட்டிக்குள் நடப்பதை நினைத்துப் பாருங்கள். மாலையில் பம்பி நிற்கிறது. நின்ற நேரம் மிகப் பெரிய ஓர் எண்ணாக நினைவில் பதிகிறது. இரவில் எண்ணி பூச்சியத்துக்குத் திரும்புகிறது. விடியற்காலையில் தோட்டக்காரர் பொத்தானை அழுத்துகிறார். 'நின்ற நேரத்துடன் 15 நிமிடத்தைக் கூட்டினால் வருவதை விட இப்போதைய நேரம் பெரிதா?' என்று நிரல் கேட்கிறது. இல்லை. ஆகவே ஓய்வு முடியவில்லை என்று முடிவு செய்து காத்திருக்கிறது. விட்டால் இன்னும் ஏழு வாரம் காத்திருக்கும். மின்சாரத்தை நிறுத்திப் போட்டால் இரண்டு எண்களும் பூச்சியமாவதால் எல்லாம் நலமாகிவிடுகிறது.

திருத்தம் ஒரே வரி. கூட்டி ஒப்பிடுவதை விட்டுக் கழித்து ஒப்பிடுங்கள்: இப்போதைய நேரத்திலிருந்து நின்ற நேரத்தைக் கழித்தால் வரும் விடை 15 நிமிடத்துக்குக் குறையாமல் இருக்கிறதா? இரண்டையும் குறியில்லாத 32 பிட் எண்களாக வைத்திருந்தால், எண்ணி சுற்றி வந்தாலும் கழித்தல் சரியான விடையையே தரும். சோதிக்க 50 நாள் காத்திருக்கவும் வேண்டாம். சோதனைப் பதிப்பில் எண்ணியின் தொடக்கத்தை உச்சத்துக்கு ஐந்து நிமிடம் முன்பாக வையுங்கள். ஒரு தேநீர் குடிப்பதற்குள் விடை தெரிந்துவிடும். 'வொட்ச்டொக் போட்டால் போதும்' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நிரல் ஓரிடத்தில் சிக்கி நின்றால்தான் அது தட்டி எழுப்பும். உங்கள் நிரலோ சிக்கவே இல்லை, தனக்குச் சரியென்று பட்டதைச் செய்துகொண்டு இருக்கிறது.

அப்படியானால் 120இலும் ஏன் வரவில்லை? இரவில் பிரதான ஆளியை அணைத்துவிட்டுப் போகும் தோட்டங்களில் எண்ணி ஒருபோதும் 49 நாளை எட்டாது. மின்வெட்டும் அப்படித்தான். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் இல்லாமல் இருந்தோமே, அந்த நாட்களில் நீங்கள் இந்தப் பெட்டியை விற்றிருந்தால் இந்தப் பிழையைக் கண்டே இருக்க மாட்டீர்கள். மென்பொருளின் நம்பகத்தன்மையைக் கணிப்பது கடினமாக இருப்பதற்கு இதுவே காரணம். மென்பொருள் தேய்வதில்லை, 120 பெட்டிகளிலும் அதே பிழை முதல் நாளிலிருந்தே இருந்தது. எந்தப் பெட்டியில் வெளிப்படும் என்பதைப் பயன்படுத்தும் விதம்தான் தீர்மானிக்கிறது. போயிங் 787 விமானத்துக்கும் இப்படி ஒன்று நேர்ந்தது. மின்பிறப்பாக்கிக் கட்டுப்பாட்டு அலகுகளை 248 நாள் தொடர்ந்து மின்னூட்டி வைத்திருந்தால் எண்ணி நிரம்பி, மின்சாரம் முழுவதும் இழக்கப்படலாம் என்பதால், அதற்குள் நிறுத்தி இயக்குமாறு அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2015இல் கட்டளையிட்டது. ஆகவே இந்த ஆறு பழுதுகளையும் மணிக்கு இத்தனை என்ற வீதமாக்கி எதிர்காலத்துக்கு நீட்ட வேண்டாம். திருத்திச் சோதித்தபின் அவற்றைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். விற்ற 120 பெட்டிகளுக்கும் புதிய நிரலை ஏற்றிக் கொடுங்கள்.

அடுத்து, மூத்த மூன்று. எனக்கு உண்மையான கவலை இவற்றில்தான். 14இல் 3 சிறிய பங்குபோலத் தெரியும். ஆனால் 12ஆம் மாதத்தைத் தாண்டி உழைத்த பெட்டிகள் உங்களிடம் முதல் 40 மட்டுமே. அதில் 3 என்பது ஆறு மாதத்தில் 7.5 சதவீதம். இரண்டாம் தொகுதி இப்போதுதான் அந்த வயதுக்குள் நுழைகிறது. சுவீடனின் வலோடி வைபுல் 1951இல் விரிவாக எழுதிய பரம்பல், அதாவது பழுதுகள் வயதோடு எப்படிப் பரவி விழுகின்றன என்று காட்டும் சூத்திரம், இதற்குத்தான் உதவுகிறது. அதன் வடிவ எண் 1க்குக் குறைவென்றால் பிள்ளைப் பருவப் பழுது, 1 என்றால் தற்செயல், 1க்கு மேல் என்றால் மூப்பு. மூன்று புள்ளிகளை வைத்து வடிவ எண்ணை உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் மூன்றும் 15, 16 மாதங்களில் நெருங்கி விழுந்திருப்பது மூப்பையே காட்டுகிறது.

அந்த மூன்றையும் திறந்து, உங்கள் பலகையில் மின்னழுத்தச் சீராக்கிக்குப் பக்கத்திலுள்ள மின்பகு கொள்ளளவியை, பட்டறையில் நாம் கப்பாசிட்டர் என்பதை, பாருங்கள். தலை வீங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். அதன் உடலில் 85 பாகை என்று அச்சிட்டிருந்தால் சந்தேகம் கிட்டத்தட்டத் தீர்ந்தது. மலிவான வகை 85 பாகையில் 2,000 மணி நேரத்துக்கே செய்யப்படுகிறது. வெப்பம் 10 பாகை குறையும்போது அதன் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும். பெட்டிக்குள் சீராக்கியின் சூட்டோடு சராசரி 60 பாகை என்று வைத்தால் 11,300 மணி நேரம், அதாவது பதினைந்தரை மாதம். உங்கள் பெட்டிகள் நின்ற வயதும் அதுதான். 105 பாகையில் 5,000 மணி நேரத்துக்குச் செய்யப்பட்டதை அதே இடத்தில் வைத்தால் இதே கணக்கு பத்து ஆண்டைத் தாண்டும். சீராக்கியிலிருந்து ஒரு விரல் தள்ளி வைத்தால் இன்னும் நல்லது. முதல் இரண்டு தொகுதிகளிலும் மீதமுள்ளவற்றை அவை நிற்கும் முன்பே நீங்களே போய் மாற்றிவிடுங்கள். வெங்காயம் காயும் வேளையில் நின்ற பெட்டியை மறக்கத் தோட்டக்காரருக்கு நீண்ட காலம் பிடிக்கும்.

முதல் மாதத்தில் வந்த ஐந்துக்கு மருந்து எளிது. 1978இல் நௌலன், ஹீப் என்ற இரு விமானப் பொறியியலாளர்கள் வெளியிட்ட அறிக்கையில், ஆராய்ந்த பாகங்களில் 68 சதவீதம் தொடக்கத்தில் அதிகம் பழுதாகிப் பின் சீராகிவிட்டன. வயதோடு தேயும் அடையாளத்தைக் காட்டியவை 11 சதவீதம்தான். ஆகவே தொடக்கத்தைப் பட்டறையிலேயே கழித்துவிடுங்கள். ஒவ்வொரு பெட்டியையும் மூடிய சூட்டில், சுமையோடு, 48 மணி நேரம், பலமுறை நிறுத்தி இயக்கி ஓடவிட்ட பின்பே கொடுங்கள். பற்றாசு சரியாகப் பிடிக்காத இணைப்பும் தளர்ந்த திருகும் அங்கேயே தோன்றிவிடும்.

இனி வேலணை. நம்பகத்தன்மைக்குப் பாடநூல் தரும் வரைவிலக்கணத்தில் 'குறித்த நிபந்தனைகளில்' என்ற சொற்கள் இருக்கின்றன. உங்கள் 120 பெட்டிகளும் வலிகாமத்துச் செம்மண்ணில் உழைத்தவை. வேலணையில் உப்புக்காற்று. 1996 யூன் 4இல் முதல் ஏரியன் 5 ஏவுகலம் புறப்பட்டு ஒரு நிமிடம்கூட ஆகாமல் வெடித்தது. ஏரியன் 4இல் ஒழுங்காக உழைத்த வழிசெலுத்தல் நிரலை அப்படியே எடுத்து வைத்திருந்தார்கள். புதிய கலத்தின் கிடைவேகம் பெரிதாக இருந்ததால் அந்த எண் 16 பிட்டுக்குள் அடங்கவில்லை. பழைய இடத்தில் பெற்ற நற்பெயரைப் புதிய இடத்துக்கு அப்படியே கொண்டுபோக முடியாது.

அங்கே நான் பழுதுகளின் எண்ணிக்கையை விட ஒரு பழுதின் விளைவுக்கே அதிகம் அஞ்சுகிறேன். மோட்டார் தொடங்கும்போது இழுக்கும் மின்னோட்டம் வழக்கமானதைப் போல் பல மடங்கு. சிறிய ரிலேயின் தொடுகைகள் அதில் உருகி ஒட்டிக்கொண்டால் பம்பி நிற்காது. நம் சுண்ணாம்புக்கல் நிலத்தில் நன்னீர் உவர்நீரின் மேல் மிதக்கிறது. ஓர் இரவு முழுவதும் இறைத்தால் கிணறு உவராகலாம். அதைத் திருத்த உங்கள் உத்தரவாதத்தால் முடியாது. ரிலே மோட்டாரை நேரடியாக இயக்க வேண்டாம். மோட்டாருக்கென்றே செய்யப்பட்ட காந்த ஆளியை அது இயக்கட்டும். பெட்டி பழுதாகும்போது பம்பி நிற்கும் பக்கமாகவே பழுதாகும்படி சுற்றை அமையுங்கள். பலகைக்கு ஈரம் புகாத பூச்சுக் கொடுங்கள். வயர் நுழையும் துளைகளை அடையுங்கள்.

இவற்றையெல்லாம் செய்த பத்துப் பெட்டிகளை இப்போதே சங்கத்திடம் கொடுத்து மாரிக்கு முன் பொருத்துங்கள். தை வரை ஒன்றுகூடப் பழுதாகவில்லை என்றால் மகிழ்ச்சிதான். ஆனால் பத்தில் பூச்சியம் என்பதை வைத்து, அந்தக் காலத்துப் பழுது 26 சதவீதத்துக்கு மேல் இராது என்று மட்டுமே 95 சதவீத உறுதியோடு சொல்லலாம். நூற்றுக்கு 95 பெட்டி தாங்கும் என்று அதே உறுதியோடு சொல்ல 59 பெட்டிகள் பழுதின்றி ஓட வேண்டும். அதனால் அந்தப் பத்தையும் எண்ணிவிட்டு வைக்க வேண்டாம், திறந்து பாருங்கள். ரிலேத் தொடுகையில் கருமை, திருகில் பச்சை, பூச்சின் கீழ் வெண்மை என எதைக் கண்டாலும் அது இரண்டாம் ஆண்டின் பழுதை இப்போதே காட்டுகிறது.

சுத்தமாக இருந்தால் 200க்கும் கையெழுத்திடுங்கள். 15 மாற்றுப் பெட்டிகளைத் தயாராக வையுங்கள். தொடக்கப் பழுது 120க்கு 5 என்ற கணக்கில் 200க்கு 8 வரும். பெரும்பாலானவை பட்டறையிலேயே சிக்கும். மீதி மாற்றுப் பெட்டிகள், உப்புக்கும் நாம் இன்னும் காணாத நிரற்பிழைக்கும். ஒப்பந்தத்தில் பழுதான பெட்டியை 48 மணி நேரத்துக்குள் மாற்றித் தருவேன் என்றும் எழுதுங்கள். பயிர் வைத்தவருக்கு இரண்டு ஆண்டு என்ற சொல்லை விட அந்த 48 மணி நேரம்தான் பெரிது.

தைப்பொங்கல் முடிந்ததும், அந்தப் பத்துப் பெட்டிகளின் உட்புறப் படங்களையும் பொருத்திய திகதிகளையும் எனக்கு அனுப்புங்கள். ஒன்றாக இருந்து பார்ப்போம்.