மலேசியத் தமிழ்ப் படங்களில் பரவலாக அறியப்படாமல் போனவற்றுள் எவற்றைப் பார்க்கலாம்?

கோலாலம்பூர்த் திரையரங்குகளில் தமிழ்நாட்டுப் படங்களுக்குக் கிடைக்கும் இடமும் விளம்பரமும் உள்ளூர்த் தமிழ்ப் படங்களுக்குக் கிடைப்பதில்லை என்பதால், நம் வாழ்க்கையையே காட்டும் சில நல்ல படங்கள் நம் கண்ணில் படாமலே போயின.

முதலில் சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015-இல் வெளிவந்த 'ஜகாட்' படத்தைப் பாருங்கள். ரப்பர்த் தோட்டங்களை விட்டு வெளியேறிய குடும்பங்கள் புறம்போக்குக் குடியிருப்புகளில் தஞ்சமடைந்திருந்த 1990-களின் தொடக்கத்தில், கற்பனை வளம் மிக்க அப்போய் என்ற சிறுவன், படிப்பே கதி என்று அடித்து வளர்க்கும் தந்தைக்கும் குண்டர் கும்பலில் இருக்கும் சித்தப்பாவின் கவர்ச்சிக்கும் நடுவே எப்படித் தடம் மாறுகிறான் என்பதே கதை. குண்டர் வாழ்க்கையை வீரமாக்காமல், அதன் வேரை வறுமையிலும் வகுப்பறையிலும் வீட்டுப் பிரம்பிலும் தேடுவதுதான் இதன் பெரும் வலிமை. 2016-ஆம் ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படத்துக்கான விருதைப் பெற்றும், இதைப் பார்க்காத தமிழர்கள் இங்கேயே ஏராளம். அது எனக்கு உண்மையாகவே வருத்தமளிக்கிறது.

அடுத்து, தீபக் குமாரன் மேனனின் 'செம்மண் சாலை' (2005). ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்து பல்கலைக்கழகக் கல்விக்கு ஏங்கும் சாந்தாவின் கதையை இது அவசரமின்றிச் சொல்லும். மெதுவான நடைக்குப் பழகிக்கொள்ளப் பொறுமை வேண்டும். கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியை அறிந்தவர்கள், அங்கே நடக்கும் கதையான தீபக்கின் 'சலங்கை' படத்தையும் தவறவிட வேண்டாம். பூ விற்கும் தாயும் நடனம் கற்க ஆசைப்படும் மகளும் அதில் வருகிறார்கள்.