பொய் சொல்லத் தெரிந்தவன் மேல் காதல் வருமா?

கேள்வி: காட்டில் ஆய்வு செய்யும் ஒரு பெண்ணுக்கும் அங்கே வரும் உளவாளிக்கும் காதல் என்று ஒரு தொடர்கதை எழுதுகிறேன். மூன்றாவது அத்தியாயத்திலேயே அருவிக்கடியில் முத்தம் வைத்துவிட்டேன். படித்த தோழியோ, "சினிமாப் பாட்டு மாதிரி இருக்கு, சூடே இல்லை" என்கிறாள். எங்கே தப்பு?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: தோழி சொன்னது சரிதான். அருவியை எடுத்துவிடுங்கள். முத்தத்தைப் பத்து அத்தியாயம் தள்ளி வையுங்கள்.

உங்கள் கதைக்கு மிக நெருக்கமான ஒன்று நிஜத்திலேயே நடந்திருக்கிறது. உர்சுலா கிரஹாம் பவர் என்ற ஆங்கிலேயப் பெண் 1937-இல், 23 வயதில், நாகா மலைக்கு வந்தார். பட்டம் எதுவும் இல்லை. கேமராவும் நோட்டும்தான். பிறகு அஸ்ஸாமின் வடக்கு கச்சார் மலையில், லைசோங் என்ற ஊரில், ஜெமி நாகர்களோடு தங்கிவிட்டார். 1942-இல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்ததும், எல்லையில் வேவு பார்க்க 'வி ஃபோர்ஸ்' அமைக்கப்பட்டது. அதில் ஜெமி ஆட்களைத் திரட்டிக் காவல் வேலையை நடத்தினார் உர்சுலா. ஆய்வாளரும் அவரே, ஒற்றர் தலைவியும் அவரே.

டிம் பெட்ஸும் வி ஃபோர்ஸ் அதிகாரிதான். 1945-இல் வண்ணத்துப்பூச்சி பிடிக்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு உர்சுலாவின் முகாமுக்கு வந்தார். உண்மையில் வந்தது பெண் பார்க்க! அந்த ஜூலையிலேயே ஷில்லாங்கில் கல்யாணம். ஊர்க்காரர்களுக்கு அது போதவில்லை, தங்கள் முறைப்படி இன்னொரு தடவை நடத்திவைத்தார்கள்.

எனக்கு இதில் பிடித்தது அந்த வண்ணத்துப்பூச்சிப் பொய். உங்கள் நாயகனிடமும் ஒரு வலையைக் கொடுங்கள். உங்கள் நாயகி ஊரார் பேச்சையும் கையசைவையும் வருடக்கணக்காகக் கவனித்துக் குறித்தவள். வலை புத்தம் புதுசு, ஓரத்தில் ஒரு இலைத் துணுக்குகூட ஒட்டவில்லை என்பது முதல் நாளே அவள் கண்ணில் படும். படட்டும், ஆனால் சொல்ல வேண்டாம். தெரிந்துகொண்டே அவனுக்குச் சோறு போடட்டும். தன்னைக் கண்டுபிடித்துவிட்டாளோ என்று அவன் தவிக்கும் ராத்திரிகளில்தான் உங்கள் தோழி கேட்ட சூடு இருக்கிறது.

வீட்டையும் யோசியுங்கள். மூங்கில் தட்டிச் சுவர். இந்தப் பக்கம் ஒருவர் புரண்டு படுத்தால் அந்தப் பக்கம் கேட்கும். வெளியே மழை விடாமல் பெய்கிறது, துணி எதுவும் காயவில்லை. அவன் பின்கழுத்தில் அட்டை கடிக்கிறது, கை எட்டவில்லை. அவள் உப்பைத் தொட்டு வைக்கிறாள். அட்டை விழுந்துவிட்டது, விரல் மட்டும் அங்கேயே இருக்கிறது. அதற்கு மேல் ஒரு வரி எழுதாதீர்கள்.

இன்னொன்று, இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். உங்கள் கதையில் கிராமத்து ஜனங்கள் விறகு சுமந்து வருவதோடு சரி. அது அநியாயம். ஜெமி மக்களுக்கு ஆங்கிலேயரை நம்பக் காரணமே இருக்கவில்லை. ஆங்கில ஆட்சியை எதிர்த்த நாகா தலைவர் ஜாதோனாங்கை 1931-இல் தூக்கிலிட்டார்கள். அவருக்குப் பின் போராட்டத்தை நடத்திய ராணி கைடின்லியுவை அடுத்த வருடமே பிடித்தார்கள். போர் முடிந்தபோதும் அவர் சிறையில்தான் இருந்தார். அப்படிப்பட்ட ஊரில் உர்சுலா கொஞ்சம் கொஞ்சமாகச் சம்பாதித்த நம்பிக்கைதான் பிறகு வேவு வேலைக்குப் பயன்பட்டது. உங்கள் நாயகிக்கும் இந்த உறுத்தல் வேண்டும். நோட்டில் ஊர் நம்பிச் சொன்னதெல்லாம் இருக்கிறது. மனம் கொடுத்தவனுக்கு அந்த நோட்டு தேவைப்படுகிறது. கேட்டால் கொடுப்பாளா?

அவன் கேட்காமல் இருக்கட்டும். நோட்டு கைக்கெட்டும் இடத்தில் கிடக்க, விளக்கை அணைத்துவிட்டு, தான் எதற்காக வந்தேன் என்பதை அவளிடம் அவனே சொல்லட்டும். முத்தம் அங்கே வரட்டும்.