முதியோர் இல்லத்தில் இளையோர் தொண்டு: கேள்வி பதில்

பினாங்கிலும் கோலாலம்பூரிலும் உள்ள இளைஞர் குழுக்களை முதியோர் இல்லங்களோடு இணைத்துப் பயிற்சி தரும் மூத்த தாதி ஒருவரிடம், பெற்றோரும் ஆசிரியர்களும் இளையோரும் கேட்டவை இவை.

நாங்கள் ஜோர்ஜ்டவுனில் ஒரு கோவில் இளைஞர் பகுதி. முப்பது பேர் இருக்கிறோம். தீபாவளிக்கு முதல் வாரம் ஓர் இல்லத்துக்குப் போய்ச் சாப்பாடு கொடுத்து, பாட்டுப் பாடிவிட்டு வரலாம் என்று திட்டம். எங்கிருந்து தொடங்குவது அக்கா?

தேதியை மாற்றுவதிலிருந்து தொடங்குங்கள் தம்பி. தீபாவளி, கிறிஸ்மஸ், சீனப் பெருநாள் நெருங்கும்போது ஒரே இல்லத்துக்கு ஒரே நாளில் இரண்டு மூன்று குழுக்கள் வந்துவிடும். பத்து மணிக்கு ஒரு பொட்டலம் பிரியாணி, பன்னிரண்டுக்கு இன்னொன்று. மருந்து நேரம் தவறும், சர்க்கரை ஏறும், மத்தியானத் தூக்கம் கெடும். பெருநாள் முடிந்தபின் வாரக்கணக்கில் வாசலில் ஒரு ஜோடிச் செருப்பைக்கூடப் பார்க்க முடியாது. நீங்கள் அந்த வெறுமையான வாரங்களில் போங்கள்.

முப்பது பேரும் ஒரே கூடத்தில் நுழைந்தால் காது மந்தமானவர்களுக்கு வெறும் இரைச்சல்தான் மிஞ்சும். பக்கத்தில் உள்ள மூன்று இல்லங்களைத் தேர்ந்தெடுங்கள். ஓர் இல்லத்துக்கு இரண்டு குழு, குழுவுக்கு நான்கு பேர். மொத்தம் 24 பேர் ஆயிற்று. மீதி 6 பேர் மாற்றாட்கள். இரு குழுக்களும் சனிக்கிழமைகளில் மாறி மாறிப் போகட்டும், குறைந்தது ஆறு மாதத்துக்கு. ஒவ்வொரு குழுவும் அதே பெரியவர்களிடமே போக வேண்டும். மூன்றாவது நான்காவது தடவைதான் ஒரு பாட்டி உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். அதற்கு முன்பு நடப்பதெல்லாம் அறிமுகம்தான்.

நேரம் காலை 10 முதல் 11.15 வரை. அதற்கு முன்பு குளிப்பாட்டு, மருந்து. அதற்குப் பிறகு மத்தியானச் சாப்பாடு.

எந்த இல்லம் முறையானது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

1993ஆம் ஆண்டின் பராமரிப்பு மையச் சட்டப்படி இல்லங்கள் ஜே.கே.எம். எனும் சமூக நலத்துறையிடம் பதிய வேண்டும். மருத்துவக் கவனிப்பும் தரும் தனியார் இல்லங்களுக்காக 2018இல் சுகாதார அமைச்சின் கீழ் தனிச் சட்டம் நிறைவேறியது. பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். நல்ல நிர்வாகி தயங்காமல் காட்டுவார். ஏழை முதியோருக்காக அரசே நடத்தும் ரூமா ஸ்ரீ கெனாங்கான் இல்லங்கள் செராஸ், தைப்பிங், பீடோங் போன்ற இடங்களில் உள்ளன. அங்கே போக விரும்பினால் முன்கூட்டியே எழுத்து மூலம் அனுமதி கேளுங்கள்.

பிள்ளைகளை அழைத்துப் போகுமுன் குழுத்தலைவரும் இன்னொருவரும் மட்டும் இல்லத்தைக் கவனிக்கும் தலைமைத் தாதியான மேட்ரனைப் போய்ப் பாருங்கள். யாருக்கு விழுங்குவதில் சிரமம், யாருக்கு மறதி நோய், யார் தனிமையை விரும்புகிறவர், யாரிடம் எந்தப் பேச்சை எடுக்கக்கூடாது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நோயின் முழு விவரம் உங்களுக்கு வேண்டாம், அதை நீங்கள் கேட்கவும் கூடாது.

என் மகனுக்குப் பதினைந்து வயது. போகிறேன் என்கிறான். நோய் ஒட்டிக்கொள்ளுமோ, மனசு பாதிக்குமோ என்று பயமாக இருக்கிறது. – பட்டர்வொர்த் தாயார்

உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறதம்மா. ஆனால் நோய் பெரும்பாலும் நம்மிடமிருந்துதான் அங்கே போகிறது. நமக்கு வெறும் சளியாக இருப்பது எண்பது வயது நெஞ்சில் நிமோனியாவாக முடியலாம். காய்ச்சல், இருமல், கண்வலி எது இருந்தாலும் அந்த வாரம் போகக்கூடாது. வயிற்றுப்போக்கு என்றால் நின்றபிறகு 48 மணி நேரம் பொறுக்க வேண்டும். உள்ளே நுழையும்போதும் வெளியே வரும்போதும் சோப்பு போட்டு 20 விநாடி கை கழுவட்டும். வயிற்றுப்போக்குக் கிருமிகள் சிலவற்றைக் கைத்தூய்மித் திரவம் சரியாகக் கொல்லாது. அங்கிருந்து இங்கே வரக்கூடியது என்றால் சிரங்கு. அது பரவியிருப்பதாக மேட்ரன் சொன்னால் பயணத்தைத் தள்ளிவையுங்கள். முதன்முதலாக ஒட்டியவருக்கு அரிப்புத் தொடங்கவே நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகலாம்.

18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் என்றால் பெற்றோரின் கையெழுத்துள்ள அனுமதிக் கடிதம் வேண்டும், ஒவ்வொரு குழுவோடும் பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். மூடிய அறையில் ஒரு பிள்ளை தனியாக யாரோடும் இருக்கக்கூடாது. மனசு விஷயத்துக்கு, திரும்பும் வழியில் ஏதாவது ஒரு கடையில் கால்மணி நேரம் உட்கார்ந்து "இன்றைக்கு எது கஷ்டமாக இருந்தது?" என்று குழுத்தலைவர் ஒவ்வொருவரையும் கேட்க வேண்டும். இதைத் தவறவிடும் குழுக்களில்தான் பிள்ளைகள் காரணம் சொல்லாமல் நின்றுவிடுகிறார்கள்.

முதல் தடவை போகுமுன் பயிற்சி அவசியமா?

இரண்டு மணி நேரம் போதும். பழைய மூக்குக் கண்ணாடியில் வாஸ்லின் தடவி மாட்டி, காதில் பஞ்சு வைத்து, கையில் இரண்டு அடுக்குக் கையுறை போட்டுக்கொண்டு சட்டைப் பொத்தானைப் போடச் சொல்லுங்கள். பிறகு மருந்துப் பெட்டியிலுள்ள சிறிய எழுத்தை வாசிக்கச் சொல்லுங்கள். பெரியவர்கள் ஏன் மெதுவாக இருக்கிறார்கள், ஏன் எரிச்சல்படுகிறார்கள் என்பது பத்தே நிமிடத்தில் புரியும். மீதி நேரத்தைச் சக்கர நாற்காலிக்கும் பேச்சுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

என்ன பேசுவதென்றே தெரியவில்லை. "சாப்பிட்டீங்களா, நல்லா இருக்கீங்களா" என்று கேட்டபின் நின்றுவிடுகிறது.

பதின்ம வயதுப் பிள்ளைகள் இரண்டாம் தடவை வராமல் போவதற்கு இதுதான் முதல் காரணம், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு பெரியவரிடம் இருவராக உட்காருங்கள். ஒருவருக்குப் பேச்சு வற்றினால் மற்றவர் எடுத்துக்கொள்வார். நின்றுகொண்டு பேசாதீர்கள், அவர் கண்மட்டத்துக்கு நாற்காலி போட்டு, வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி உட்காருங்கள். டி.வி.யை அணைக்க அனுமதி கேளுங்கள். காது கேளாதவரிடம் கத்தினால் சொல் சிதைந்துவிடும். குரலைச் சற்றுத் தாழ்த்தி, நிறுத்தி நிறுத்திச் சொன்னால் புரியும்.

நலம் விசாரிப்பதை விட்டு வேலையைக் கேளுங்கள். நம் பாட்டி தாத்தாக்களில் பலர் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்கள். எந்தத் தோட்டம், எத்தனை மணிக்குப் பெரட்டு (காலையில் ஆள் கணக்கெடுப்பது), ஒரு நாளைக்கு எத்தனை மரத்தில் பால் வெட்டுவீர்கள், மழை பெய்தால் பால் என்ன ஆகும், மரத்தில் உறைந்த ஒட்டுப்பாலை யார் பொறுக்குவது, ஆயாக் கொட்டகையில் பிள்ளையை விட்டுவிட்டுப் போவீர்களா, தோட்டத்துக் கணக்கரான கிராணி எப்படிப்பட்டவர் என்று கேட்டுப் பாருங்கள். கையால் செய்த வேலை எளிதில் மறப்பதில்லை. உளி பிடிக்கும் கோணத்தை விரலாலேயே காட்டுவார்கள். பினாங்குப் பட்டணத்துக்காரர் என்றால் துறைமுக வேலை, தண்ணீர்மலை முருகன் கோவிலுக்கு வெள்ளி ரதம் போன தைப்பூசங்கள். கோலாலம்பூர்க்காரர் என்றால் செந்தூல் ரயில்வே பட்டறை, பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸ்.

தமிழ்ப் பத்திரிகை ஒன்றை எடுத்துப் போய்ச் சத்தமாக வாசித்துக் காட்டலாம். 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன தமிழ் நேசனைத் தினமும் வாசித்துப் பழகியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கண் மங்கியபின் அவர்களுக்கு வாசித்துக் காட்ட ஆளில்லை. தமிழ் வாசிப்பில் தடுமாறும் பிள்ளைகளுக்கும் இது நல்ல பழக்கம். தப்பாக வாசித்தால் பாட்டியே திருத்துவார், அவருக்கு அதில் ஒரு பெருமை.

"பிள்ளைகள் எங்கே? ஏன் பார்க்க வருவதில்லை?" என்பதை மட்டும் கேட்கவே கேட்காதீர்கள். அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளைகளைத் திட்டவும் வேண்டாம், அவர்களுக்காக வாதாடவும் வேண்டாம்.

எனக்கு ஹொக்கியன் தெரியாது. அங்கே பாதிப்பேர் சீனப் பெரியவர்கள்.

பலருக்குப் பேச்சு மலாய் தெரியும். தெரியாவிட்டாலும் விளையாட்டுப் போதும். நம் பல்லாங்குழியும் மலாய்க்காரர்களின் சொங்காக்கும் ஏறக்குறைய ஒரே ஆட்டம். விதியை அவர்களே சொல்லட்டும். புளியங்கொட்டை மூட்டுவலி விரல்களுக்கு அகப்படாது, கோலிக்குண்டு வையுங்கள். ஆனால் மறதி நோய் உள்ளவர் அதை வாயில் போட்டுக்கொள்ளக்கூடும். அவர்களுக்கு இந்த ஆட்டம் வேண்டாம். பலூனை நாற்காலியில் உட்கார்ந்தபடியே தட்டி விளையாடலாம், தோளுக்கும் நல்ல பயிற்சி. பூக்கட்டுவது பாட்டிமாருக்குப் பிடிக்கும். கோலம் போடுவதென்றால் மேசைமேல் தட்டில் போடுங்கள், தரையில் மாவு சிந்தினால் வழுக்கும்.

ஒரு பாட்டி இருபது நிமிடத்தில் எட்டுத் தடவை "என் வீட்டுக்காரர் வந்துட்டாரா?" என்று கேட்கிறார். அவர் இறந்து பல வருடம் ஆயிற்றாம். என்ன சொல்வது?

"அவர் செத்துட்டார் பாட்டி" என்று சொல்லாதீர்கள். ஒவ்வொரு முறையும் அவருக்கு அது புதிய சாவு. "இதோ வருவார்" என்று பொய்யும் சொல்ல வேண்டாம், வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். "அவரைத் தேடுதா பாட்டி? அவர் எப்படி இருப்பார்?" என்று கேளுங்கள். கேள்விக்குப் பின்னால் இருக்கும் ஏக்கத்துக்குத்தான் பதில் வேண்டும். எட்டாவது தடவையும் முதல் தடவை கேட்ட முகத்தோடு கேளுங்கள்.

"நான் யார் சொல்லுங்க பார்ப்போம்?" என்று பரீட்சை வைக்காதீர்கள். நுழைந்ததும் உங்கள் பெயரையும் போன தடவை செய்ததையும் நீங்களே சொல்லிவிடுங்கள். மறதி நோயாளிகளுக்குச் சாயங்காலத்தில் குழப்பமும் பதற்றமும் கூடும், காலை நேரத்தை நான் வற்புறுத்துவதற்கு அதுவும் ஒரு காரணம்.

வீட்டிலிருந்து என்ன பலகாரம் கொண்டுபோகலாம்?

மேட்ரனிடம் கேட்காமல் ஒன்றுமே வேண்டாம். பக்கவாதம் வந்தவருக்குத் தண்ணீர்கூட மூச்சுக்குழாயில் இறங்கலாம். அதனால்தான் சிலருடைய பானத்தில் கெட்டியாக்கும் மாவு கலக்கிறார்கள். முறுக்கு, கச்சான் கடலை, ஜெல்லி, குவே எனும் ஒட்டிக்கொள்ளும் மலாய்ப் பலகாரம் எல்லாம் அடைத்துக்கொள்ளும் வகை. சிறுநீரகம் பழுதானவருக்கு பெலிம்பிங் எனும் நட்சத்திரப் பழம் நஞ்சு: தீராத விக்கலில் தொடங்கி வலிப்பு, உயிராபத்து வரை போகலாம். இளநீரும் வாழைப்பழமும் அவர்களுக்குப் பொட்டாசியத்தை ஏற்றிவிடும். நம் வீட்டில் இவையெல்லாம் நோயாளிக்கு நல்லது என்று கொடுக்கிறவை, அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

ஊட்டிவிடும் வேலையை ஊழியர்களிடமே விடுங்கள். ஏதாவது கொடுத்தே ஆகவேண்டும் என்றால் எது தீர்ந்துபோயிருக்கிறது என்று கேளுங்கள். அரிசியும் மீ நூடுல்ஸும் மூட்டையாகக் கிடக்கும். பெரியவர்களுக்கான பேம்பர்ஸ், குளியல் சோப்பு, ஈரத் துடைப்பான்தான் பற்றாமல் போகும். பேம்பர்ஸின் அளவைக் கேட்டு வாங்குங்கள்.

சக்கர நாற்காலியைத் தள்ளத் தெரிய வேண்டுமா?

இல்லத்தார் கற்றுக்கொடுத்தபின் தள்ளுங்கள். நிறுத்தியதும் இரண்டு பக்க பிரேக்கையும் போட வேண்டும். எழுந்திருக்குமுன் கால்தட்டை மடக்காவிட்டால் அதன்மேல் மிதித்து நாற்காலியோடு கவிழ்வார். செங்குத்தான சரிவில் இறங்கும்போது நாற்காலியைத் திருப்பி, நீங்கள் முதுகுப்பக்கமாக இறங்குங்கள். அக்குளில் கைவிட்டுத் தூக்கவே கூடாது, தோள்மூட்டு நழுவிவிடும். யாராவது விழுந்தால் தூக்காமல், அசைக்காமல், ஒருவர் அருகிலிருக்க மற்றவர் ஊழியரை அழைக்கட்டும்.

அன்பினால் கால்நகம் வெட்டிவிடுகிறேன் என்று பிள்ளைகள் கிளம்புவதுண்டு. நீரிழிவுக்காரருக்கு ஒரு சிறு கீறல் ஆறாத புண்ணாகலாம். அது தாதியின் வேலை.

படம் எடுத்துப் போடலாமா?

பெரியவர்களின் முகம் வேண்டாம். "சரி" என்று தலையாட்டும் பாட்டிக்கு அது எங்கே போகும் என்று தெரியாது.

மாணவர்கள் புறப்பாட மதிப்பெண்ணுக்காகத்தான் வருகிறார்கள். இதில் என்ன தொண்டு இருக்கிறது? – ஓர் ஆசிரியர், செந்தூல்

வரட்டும் ஐயா. எதற்காக வந்தார்கள் என்பதைவிட ஐந்தாவது தடவையும் வந்தார்களா என்பதைத்தான் நான் பார்ப்பேன். தேதி, வந்த நேரம், போன நேரம், செய்த வேலை, மேட்ரன் கையொப்பம் என்று ஒரு குறிப்பேடு வையுங்கள். நான்கு வருகைக்குக் குறைந்தால் சான்றிதழ் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இளையோருக்கான அனுகெரா ரெமாஜா பெர்டானா விருதின் வெண்கலப் படிக்கும் சேவைப் பகுதி குறைந்தது 3 மாதம் நீடிக்க வேண்டும். அந்தக் கட்டாயம் நமக்கு உதவிதான். ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளை மறக்காதீர்கள், அவர்களிடம் நேரம் இருக்கிறது.

ஒரு தாத்தா பணம் கேட்டார். இன்னொருவர் கையில் நீலமாகக் காயம் இருந்தது.

பணம், சிகரெட், தொலைபேசி எண் எதுவும் கொடுக்க வேண்டாம். "நான் மேட்ரனிடம் கேட்டுச் சொல்கிறேன் தாத்தா" என்று சொல்லிக் கேட்டுவிட்டு, அடுத்த முறை மறக்காமல் பதிலைச் சொல்லுங்கள். வயதான தோலில் லேசாக இடித்தாலும் நீலம் பாயும், இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களுக்கு இன்னும் எளிதாக. அதனால் உடனே யார்மேலும் பழி போடாதீர்கள். ஆனால் விரல் பதிந்ததுபோன்ற தடம், மணிக்கட்டைச் சுற்றிய தடம், ஊழியரைக் கண்டதும் ஒடுங்குவது இவற்றைக் கண்டால் பிள்ளை அன்றே குழுத்தலைவரிடம் சொல்ல வேண்டும். குழுத்தலைவர் தேதியோடு எழுதிவைத்து, தாலியான் காசே எனும் அரசு உதவித் தொலைபேசியின் 15999 எண்ணுக்கு அழைக்கலாம்.

நாங்கள் வழக்கமாகப் பார்க்கும் பாட்டி இறந்துவிட்டார். பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது?

அடுத்த வருகைக்கு முன்பே, நேரில், நேராகச் சொல்லுங்கள். காலிக் கட்டிலைப் பார்த்து அவர்களாகத் தெரிந்துகொள்ளக்கூடாது. குடும்பத்தார் சம்மதித்தால் காரியத்துக்கு அழைத்துப் போகலாம். அடுத்த சனிக்கிழமையே இன்னொரு பெரியவரிடம் உட்காரச் சொல்லாதீர்கள். ஒரு தடவை பொதுக்கூடத்தில் இருந்துவிட்டு வரட்டும்.

பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது, அடுத்த மாதம் கிளம்புகிறேன். தாத்தாவிடம் சொல்லாமலே நின்றுவிடலாமா? சொன்னால் வருத்தப்படுவார்.

சொல்லாமல் போனால் தான் ஏதோ தப்புச் செய்துவிட்டோம் என்று நினைத்துக்கொள்வார், தங்கச்சி. கடைசி இரண்டு வருகையிலும் சொல்லுங்கள். உங்களுக்குப் பதிலாக வரப்போகிறவரையும் அந்த இரண்டு தடவையும் கூட்டிப் போய் அருகில் உட்காரவையுங்கள். தாத்தாவுக்கு எந்தக் காது நன்றாகக் கேட்கும், எந்தப் பேச்சு பிடிக்கும், எதைத் தொடக்கூடாது என்று ஒரு தாளில் எழுதி, புதிதாக வருகிறவரிடம் கொடுத்துவிடுங்கள். விடுமுறைக்கு வரும்போது பார்க்கிறேன் என்ற வாக்கை, உறுதியாக வர முடியும் என்றால் மட்டும் கொடுங்கள்.