வாட்டர்ப்ரூஃப் டென்ட் ஒழுகினால் யார் பொறுப்பு? – நுகர்வோர் கேள்வி-பதில்

டிசம்பரில் ஊட்டிக்கு அருகே டென்ட் போட்டுத் தங்கினோம். கேன் அடுப்பு மாலையில் நன்றாக எரிந்தது. விடியற்காலையில் காபிக்குத் தண்ணீர் கூடச் சுடவில்லை. கேனில் பாதிக்கு மேல் கேஸ் இருந்தது. அடுப்பில் குறையே இல்லை என்கிறார் கடைக்காரர். நம்பலாமா? – வாசகர், கோவை

நம்பலாம். கேனில் இருந்தது பியூட்டேனாக இருக்கும். அது திரவத்திலிருந்து வாயுவாக மாற மைனஸ் 0.5 டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும். ஊட்டியில் டிசம்பர், ஜனவரி விடியலில் புல்வெளியில் உறைபனி படியும். போதாததற்கு, எரிய எரிய கேன் தானாகவே இன்னும் குளிர்ந்துகொண்டு போகும். புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே வாயுவாகிவிடும். அதனால் மலைக்குப் போகிறவர்கள் ஐசோபியூட்டேன், புரொப்பேன் கலந்த கேனைக் கேட்டு வாங்க வேண்டும். அது பெரும்பாலும் திருகி மாட்டும் வகை, உங்கள் அடுப்புக்குப் பொருந்துமா என்று முதலில் பாருங்கள். இருக்கிற கேனையே பயன்படுத்துவதானால், இரவில் அடுப்பிலிருந்து கழற்றி, துணியில் சுற்றி, போர்வைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். நெருப்பில் காட்டிச் சூடேற்றவே கூடாது.

எங்கே கொண்டுபோகப் போகிறீர்கள் என்று விற்றவர் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். அந்த வருத்தம் எனக்கும் உண்டு.

மழை வந்தால் டென்ட்டுக்குள்ளேயே வைத்துச் சமைக்க எந்த மாடல் அடுப்பு நல்லது? – வாசகர், திருப்பூர்

எதுவும் இல்லை. மூடிய இடத்தில் அடுப்பு எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு சேரும். அதற்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். குளிருக்காகக் கரி அடுப்பை உள்ளே வைப்பதும் அதே ஆபத்துதான். வெளியே நாலு பக்கமும் திறந்திருக்கும்படி தார்ப்பாய் கட்டி, அதன் கீழ் சமையுங்கள்.

ஏற்காட்டில் ஒரே மழையில் டென்ட் ஒழுகி, குழந்தைகளின் படுக்கை நனைந்துவிட்டது. ஆன்லைனில் 'வாட்டர்ப்ரூஃப்' என்று போட்டிருந்ததைப் பார்த்து வாங்கியது. 7 நாள் கெடு முடிந்துவிட்டது, திருப்பி எடுக்க முடியாது என்கிறார்கள். – வாசகி, சேலம்

உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. விடாதீர்கள்.

இந்த 'வாட்டர்ப்ரூஃப்' என்ற சொல்லோடு எனக்குப் பல வருடச் சண்டை. கேட்க வேண்டியது ஒரு எண்: எத்தனை மில்லிமீட்டர்? துணியின் மேல் எவ்வளவு உயரத்துக்கு நீர் நின்றால் கசியத் தொடங்கும் என்பதுதான் அந்த அளவு. நம் மலைகளில் பெய்யும் மழைக்கு மேல்விரிப்பு 3,000 இருந்தால் நிம்மதி. தரைத்துணி அதைவிடக் கூடுதலாக வேண்டும், ஏனென்றால் நம் உடல் எடை ஈரத்தை உள்ளே அழுத்துகிறது. இந்த எண்ணைச் சொல்லாமல் வெறும் 'வாட்டர்ப்ரூஃப்' என்று விற்பவர் எந்த வாக்குறுதியும் தரவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். எண் மட்டும் இருந்தாலும் போதாது. துணி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தையல் என்பது வரிசையாக ஊசித் துளைகள்தான். உட்புறத் தையலின் மேல் டேப் ஒட்டியிருக்க வேண்டும். நான் வாங்கிய ஒரு டென்ட்டில் கூரைத் தையலுக்கு மட்டும் டேப் ஒட்டி, மூலைகளை விட்டிருந்தார்கள். மூலைகளில்தான் ஒழுகியது.

புகாருக்கு முன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். சுவர் முழுக்க உட்புறம் முத்து முத்தாக ஈரம் என்றால் அது மூச்சுக்காற்று படிந்தது, ஜன்னலைத் திறந்துவைத்தால் குறையும். தையல் வழியே சொட்டினால் குறைபாடு. வீட்டு மாடியில் டென்ட்டை விரித்து, தண்ணீர் ஊற்றி வீடியோ எடுங்கள்.

குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்தில் தீர்வு தர வேண்டும். இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழையுங்கள். அதற்கும் அசையாவிட்டால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் சேலத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை. 2 ஆண்டுக்குள் போட வேண்டும்.

ரயிலில் சின்ன கேஸ் சிலிண்டர் எடுத்துப் போகலாமா? அதில் கொஞ்சம்தான் கேஸ் இருக்கிறது. – வாசகர், விருதுநகர்

கூடாது. 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நிறுத்தியிருந்த சுற்றுலாப் பெட்டியில், விதியை மீறி உள்ளே கொண்டுவந்த சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். உங்கள் பக்கத்து ஊரில் நடந்தது. அதற்குப் பிறகும் இந்தக் கேள்வி வருவது கோபத்தைத் தருகிறது.

'0 டிகிரி' ஸ்லீப்பிங் பேக் வாங்கினேன். கொடைக்கானலில் 8 டிகிரிக்கே நடுங்கிவிட்டேன். – வாசகி, சென்னை

முறையாகச் சோதித்த பைகளில் 'கம்ஃபர்ட்', 'லிமிட்', 'எக்ஸ்ட்ரீம்' என்று மூன்று அளவுகள் இருக்கும். எக்ஸ்ட்ரீம் என்பது உயிர் தப்பும் எல்லை, அந்தக் குளிரில் தூங்க முடியாது. பல கடைகள் அந்த எண்ணையே பெரிதாக அச்சிடுகின்றன. 'மைனஸ் 5' என்று போட்ட ஒரு பையை நானும் வாங்கி, இரவு முழுக்க ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கம்ஃபர்ட் அளவை மட்டும் பாருங்கள். பைக்குக் கீழே நல்ல ஃபோம் பாய் அவசியம், குளிர் தரையிலிருந்தும் ஏறுகிறது.

மலையில் துவரம்பருப்பு வேகவே மாட்டேன் என்கிறது. பருப்பு மட்டமானதா? – வாசகி, திண்டுக்கல்

பருப்பின் மேல் பழி போட வேண்டாம். 2,100 மீட்டர் உயரமுள்ள கொடைக்கானலில் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்கு மேல் சூடு ஏறாது, அதனால்தான் பருப்பு வேக நேரமாகிறது. பருப்பை ஊறவைத்து, சின்ன குக்கரில் வேகவையுங்கள். குக்கரில் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பில் இல்லாமல் வாங்கினால் 300 ரூபாய் குறைவு என்றார்கள். வாங்கிய சார்ஜ் லைட் இரண்டாம் நாளே அணைந்துவிட்டது. வாரன்டி கேட்டால் பில் எங்கே என்கிறார்கள். – வாசகர், ஈரோடு

பில் கேட்பது உங்கள் உரிமை. அதைத்தான் 300 ரூபாய்க்குக் கொடுத்திருக்கிறீர்கள். யூபிஐ-யில் பணம் கட்டியிருந்தால் அந்தப் பதிவு, கடையோடு நடந்த வாட்ஸ்அப் பேச்சு, பெட்டியின் படம் ஆகியவற்றைச் சேர்த்து 1915-இல் புகார் பதியுங்கள். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் மீட்பது கடினம்.