பிபிக்கு சர்ப்பகந்தா பொடி, ஆனா அம்மா ஏன் அழறாங்க?

கேள்வி: டாக்டர், அம்மாவுக்கு 58 வயசு. ஆறு வருஷமா பிபிக்கு அம்லோடிபின் போட்டாங்க, கால் வீங்குதுன்னு அத நிறுத்திட்டு மூணு மாசமா நாட்டு மருந்துக் கடையில வாங்குன சர்ப்பகந்தா வேர்ப்பொடி அரை ஸ்பூன் ராத்திரி பால்ல குடிக்கிறாங்க. பிபி 126/80 வந்துடுச்சு. ஆனா எப்பவும் மூக்கடைப்பு, பகல்லயும் தூக்கம், யார்கிட்டயும் பேசறதில்ல, தனியா உட்கார்ந்து அழறாங்க. மூலிகைதானே, இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்குமா?

பதில்: சம்பந்தம் இருக்க ரொம்ப வாய்ப்பு இருக்கும்மா, அதனால இந்த வாரமே அம்மாவ டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, பொடி பாக்கெட்டையும் கையில எடுத்துட்டுப் போங்க. பிபி குறைஞ்சதும் அம்மா சோர்ந்து போனதும் ஒரே மருந்தோட வேலைதான்னு நான் நினைக்கிறேன்.

சர்ப்பகந்தா சாதாரண செடி இல்ல. இமயமலை அடிவாரத்துலயும் மேற்குத் தொடர்ச்சி மலையிலயும் காட்டு நிழல்ல வளர்ற சின்ன செடி, வேர்தான் மருந்து. தூக்கம் வராதவங்களுக்கும் சித்தம் கலங்குனவங்களுக்கும் காலங்காலமா கொடுத்திருக்காங்க, பீகார் பக்கம் இதுக்குப் பேரே பைத்தியத்துக்கான மருந்துதான். 1931ல கல்கத்தாவுல கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ்னு ரெண்டு பேர் இது பிபியையும் குறைக்குதுன்னு எழுதுனாங்க, 1949ல பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வகீல் தன் நோயாளிகள்கிட்ட பார்த்தத பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழ்ல போட்டப்புறம்தான் உலகமே திரும்பிப் பார்த்துச்சு. 1952ல சுவிட்சர்லாந்து சீபா கம்பெனி ஆளுங்க அந்த வேர்ல இருந்து ரிசர்பின்னு ஒரு பொருள பிரிச்செடுத்தாங்க, அது மாத்திரையாவே வந்துச்சு. அப்போ அம்மா குடிக்கிறதும் ஒரு பிபி மாத்திரைதான், அளவு மட்டும் யாருக்கும் தெரியாது.

அளவுதான் எனக்கு பெரிய கவலை. ரிசர்பின பிபிக்கு கொடுக்கறது ஒரு நாளைக்கு 0.1ல இருந்து 0.25 மில்லிகிராம் வரைக்கும்தான். நல்ல வேர்ப்பொடி 1 கிராம்ல சுமாரா 1 மில்லிகிராம் இருக்கும், அரை ஸ்பூன்னா 1 கிராமுக்கு மேலயே வரும், அப்போ நாலு மடங்குக்கும் மேல உள்ள போகுது. அதுலயும் காட்டுல இந்த செடி அருகிப் போனதால அதே இனத்து வேற செடி வேரையும் கலக்கறாங்க, ஒரு பாக்கெட் மாதிரி இன்னொரு பாக்கெட் இருக்காது.

நரம்பு நுனியில நார்அட்ரினலின், டோபமின், செரோடோனின்னு நரம்புகள் சேதி கடத்தற பொருள் எல்லாம் சின்ன சின்ன பைகள்ல சேர்ந்து இருக்கும், ரிசர்பின் அத பைக்குள்ள போக விடாது, கொஞ்சம் கொஞ்சமா இருப்பு காலியாகும். ரத்தக்குழாய் தளர்ந்து பிபி இறங்குது, மூக்குக்குள்ள குழாய் விரிஞ்சு அடைக்குது, மூளையிலயும் அதே பொருள் குறையறதால மந்தமும் சிலருக்கு மனச்சோர்வும் வரும். ரிசர்பினுக்கும் மனச்சோர்வுக்கும் முன்னாடி நினைச்ச அளவு தொடர்பு இல்லைன்னு இப்ப சில பேர் சொல்றாங்க, குறைஞ்ச டோஸ்ல அது சரியா இருக்கலாம், ஆனா உங்கம்மா எடுக்கறது குறைஞ்ச டோஸ் இல்லையே.

பொடிய இன்னிக்கே நிறுத்திடுங்க. ஆனா பழைய மாத்திரைய நீங்களா உடனே ஆரம்பிக்காதீங்க, ஏன்னா ரிசர்பின் வேலை நிறுத்துனப்புறமும் சில நாள், சில பேருக்கு ரெண்டு மூணு வாரம் கூட இருக்கும், ரெண்டும் சேர்ந்தா பிபி ரொம்ப இறங்கி தலைசுத்தி விழலாம். தினமும் காலையில பிபியும் நாடித்துடிப்பும் பார்த்து எழுதி வைங்க. கை நடுக்கம், கறுப்பா மலம், நாடி 50க்கு கீழ, இதுல எது இருந்தாலும் அன்னிக்கே ஆஸ்பத்திரி.

இன்னொன்னு, அம்மாகிட்ட பக்கத்துல உட்கார்ந்து "உயிரோட இருக்கணுமான்னு தோணுதாம்மா"ன்னு நேராவே கேளுங்க. கேக்கறதால அந்த எண்ணம் புதுசா வந்துடாது. ஆமான்னு சொன்னாலோ பதில் சொல்லாம அழுதாலோ தனியா விடாதீங்க, அன்னிக்கே மனநல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.

கால் வீக்கம் அம்லோடிபினோட சாதாரண பக்கவிளைவுதான், அன்னிக்கே டாக்டர்கிட்ட சொல்லியிருந்தா வேற மாத்திரை மாத்திக் கொடுத்திருப்பாங்க. இப்பவும் சொல்லுங்க, வீங்காத மருந்து நிறைய இருக்கு.